உழவர் சந்தை: ஐப்பசி முதல் தை வரை என்ன வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

#1 வாரப்பை
தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 கிராம் காய்கறி (கீரையும் சேர்த்து), 100 கிராம் பழம் என்று போட்டிருக்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடுபவருக்கான கணக்கு அது. நாலு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு 11.2 கிலோ காய், 2.8 கிலோ பழம் வருகிறது. மழைக்காலத்தில் முருங்கைக்காயும் தக்காளியும் விலை ஏறிக் கிடக்கும்போது இந்த 11 கிலோவை உழவர் சந்தையில் கட்டுப்படியாகும் விலையில் எப்படி நிரப்புவது? வாரம் இரண்டு தடவை போக முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக "சீசன் காய் வாங்குங்க" என்று சொல்லாமல், எந்தக் காய், எப்படிப் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்று எழுதினால் நல்லது.

#2 பலகைக்காரன்
முதல் வேலை, வீட்டிலிருந்து பட்டியல் எழுதிக்கொண்டு போவதை விடுங்க. வாசல்ல விலைப்பலகை இருக்குமுங்க. அங்கே நின்னு இரண்டு நிமிஷம் படிச்சிட்டு உள்ளே போங்க. மொத்தச் சந்தை விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூட, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தினமும் காலையில் விலை வைக்கிறாங்க. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகர்ல முதல் சந்தை திறந்த நாள்லேர்ந்து அடிப்படை இதுதான்.

பலகையில் சில காய்க்கு "40–50" மாதிரி இரண்டு விலை இருக்கும். அது தரத்துக்கான இடைவெளி. வதங்கின கத்தரியை 50-க்குக் கேட்டா, "மேல் விலை நல்ல காய்க்குங்க" என்று சொல்லலாம், தப்பில்லை. பலகை விலைக்கு மேலே கேட்டா உள்ளேயே நிர்வாக அலுவலர் அறை இருக்கு.

போன வாரப் பலகையை போன்ல படம் எடுத்து வைங்க. எந்தக் காய் இறங்கிக்கிட்டு வருதோ அதுக்கு அறுவடை சூடு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கற காய்தான் அந்த மாசத்துக் காய். பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

#3 கீரைக்கட்டு
முருங்கைக்காய்க்குப் பதில் முருங்கைக்கீரை. மழையில் பூ கொட்டிவிடும், அதனால் கார்த்திகை, மார்கழியில் காய் கிலோ நூறைத் தாண்டுவது வழக்கம். அதே மழையில் மரம் தழைத்துக் கீரை தாராளமாக வரும். சத்துக் கணக்கிலும் காயைவிடக் கீரைதான் பல மடங்கு மேலே.

கீரை வாங்க 6 மணியிலிருந்து 7 மணிக்குள் போய்விட வேண்டும். கட்டைக் கையில் எடுத்ததும் மூன்று இடம் பாருங்கள்.

தண்டின் வெட்டுவாய்: ஈரமாக, வெளிர்பச்சையாக இருந்தால் அன்றைக்கு அறுத்தது. பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் முந்தின நாள் கட்டு.

கட்டின் நடு: விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கதகதவென்று சூடு தெரிந்தால் இறுக்கிக் கட்டி மூட்டையில் அடைத்து வந்த கீரை. உள்ளே புழுங்க ஆரம்பித்துவிட்டது, சாயங்காலத்துக்குள் நடு இலை மஞ்சளாகும். மேலே தெளித்த தண்ணீரில் வெளி இலை மட்டும் பளபளவென்று இருப்பதால் இந்தக் கட்டுதான் முதலில் கண்ணில் படும்.

இலையின் அடிப்பக்கம்: முளைக்கீரை, தண்டுக்கீரையில் மழைக்காலத்தில் அடியில் வெள்ளைக் கொப்புளம் மாதிரிப் புள்ளிகள் இருக்கும். வெண்துரு நோய். இரண்டொரு இலை என்றால் கிள்ளிப் போட்டுவிடலாம். கட்டு முழுக்க இருந்தால் பாதி குப்பைக்குத்தான் போகும்.

உதறிப் பார்த்துத் தண்ணீர் சொட்டினால் அன்றைக்கே சமைக்கிறவர்கள் மட்டும் வாங்கவும்.

#4 பத்துமணி
7 மணிக்குள் போகணும்னா வேலைக்குப் போறவங்க ஒருத்தரும் சந்தைப் பக்கம் வர முடியாது. 10 மணிக்கு மேல போனா விலை இறங்கும், மிச்சத்தைத் திருப்பி ஏத்திட்டுப் போக விவசாயிக்கு மனசு வராது. அரசு பஸ்ல கூடையோட வந்தவங்க காலியான கூடையோடதான் திரும்ப நினைப்பாங்க. நான் சொல்றது சரியா தப்பா?

#5 கீரைக்கட்டு
கீரைக்குத் தப்பு, காய்க்குப் பாதி சரி. பூசணி, சுரை, கிழங்கு, வாழைக்காய், நெல்லிக்காய் இதெல்லாம் 10 மணிக்கு வாங்கினாலும் ஒன்றும் ஆகாது. வெண்டையும் அவரையும் 10 மணிக்குள் நாலு பேர் கிளறிப் பொறுக்கிப் போட்ட குவியலாக இருக்கும். அதில் விலை குறைவது முற்றலுக்குத்தான். கீரை வேண்டும், சீக்கிரம் வர முடியாது என்பவர்கள் அகத்தி, முருங்கை மாதிரி மரக்கீரை வாங்குங்கள், கொடி, செடிக் கீரையைவிடக் கொஞ்சம் தாங்கும்.

#6 தராசு
எல்லாரும் கிலோ விலையைப் பேசுறீங்க. வாயில போற எடைக்கு விலை போட்டுப் பாருங்க.

பச்சை மொச்சை 1 கிலோ உரிச்சா கிட்டத்தட்ட 400 கிராம் பயறு. காய் 60 ரூபாய்னு வச்சுக்கிட்டா பயறு கிலோ 150. உரிச்சு வச்சதை 140-க்குக் கொடுத்தா அதுதான் மலிவு, ஆனா எப்ப உரிச்சதுன்னு பார்க்கணும். தண்ணியில போட்டு வச்ச பயறு எடை கூடும், முளைக்கண் கருத்திருக்கும். உரிக்காத காயை வாங்கறதா இருந்தா ஓட்டுக்கு வெளியே பயறு முட்டிக்கிட்டு நிக்கணும். பட்டையா இருந்தா ஓட்டுக்குத்தான் காசு.

காலிஃபிளவர்ல இலை, தண்டு போக பாதிக்குக் கொஞ்சம் மேல தேறும். உள் இலையையும் பொரியலுக்கு நறுக்கினா கணக்கு மாறும். முள்ளங்கியை இலையோட வாங்குங்க, "இலையை நறுக்காதீங்க"ன்னு முன்னாடியே சொல்லணும், இல்லைன்னா பழக்கத்துல அறுத்துப் போட்டுடுவாங்க. ஒரே காசுல ஒரு கிழங்கும் ஒரு கீரையும்.

எடை: காயை வைக்கிறதுக்கு முன்னாடி தட்டோட சேர்த்து எண் பூஜ்யத்துல நிக்குதான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா பிரிக்காத 1 கிலோ உப்புப் பொட்டலம் ஒண்ணு பையில வச்சிருங்க, அதைத் தராசுல வைக்கச் சொன்னா போதும். உறையோட எடை சில கிராம் கூடக் காட்டும், குறையக் கூடாது. மின்னணுத் தராசுல ஆண்டு முத்திரை ஒட்டியிருக்கணும். அதைப் பார்க்கிறது தொழிலாளர் துறை.

#7 பொருநைக்கரை
மார்கழி, தைன்னு பேசிக்கிட்டு சிறுகிழங்கை யாரும் சொல்லலையே! திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு அது இல்லாம இலை நிறையாது.

வாங்கும்போது ஈர மண் ஒட்டியிருக்கிற கிழங்கா பாருங்க. கழுவி வச்சது இரண்டு நாள்ல நுனி அழுகும். கட்டைவிரல் தண்டிக்கு மேல இருக்கிறதைப் பொறுக்குங்க. சின்னதை வாங்கினா தோல் உரிச்சே பொழுது போயிரும். இரண்டு முனையையும் அழுத்திப் பாருங்க, ஒரு முனை கொழகொழன்னா விட்டுருங்க. மண் எடை கிலோவுக்கு 50, 100 கிராம் போகும், அதுக்காக வருத்தப்பட வேண்டாம்.

தோலெடுக்கக் கத்தி வேண்டாம். அரை மணி நேரம் தண்ணியில ஊறப் போட்டு, கோணிச் சாக்குல கட்டி, சொரசொரப்பான தரையில இழுத்து இழுத்துத் தேய்ச்சா முக்கால்வாசித் தோல் போயிரும். கண் இருக்கிற இடத்தை மட்டும் சுரண்டுங்க. தோலெடுத்ததைத் தண்ணியிலேயே போட்டு வைக்கலைன்னா கறுத்துரும்.

பனங்கிழங்கும் இதே சமயந்தான். உறை பிரியாம, நேரா, தண்டியா இருக்கிறது மாவு பிடிச்சது. வளைஞ்சு மெலிஞ்சது நார். உப்பு, மஞ்சள் போட்டு முக்கால் மணி நேரமாவது வேகணும். நடுவுல இருக்கிற பீலியை உருவிப் போட்டுட்டு மேல் நாரைக் கிழிச்சுச் சாப்பிடணும்.

#8 மரவள்ளி_சேலம்
கிழங்கு பேச்சு வந்ததால்: மரவள்ளியை முனையை ஒடிக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே பால்வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமும் கருப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பறித்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த இடம் கசப்பும் கட்டியுமாகவே இருக்கும். தோலை உள்தோலோடு சேர்த்து எடுத்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு, தோலில்தான் அதிகம். குக்கரில் குறைந்த தண்ணீர் வைத்து அப்படியே மசிப்பது சரியில்லை.

இழை தொடங்கியவருக்கு ஒன்று: மரவள்ளி, சிறுகிழங்கு இரண்டையும் 11 கிலோவில் சேர்க்காதீர்கள். மாவுச்சத்து அது. கிழங்கு வைத்த அன்று சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

#9 வாரப்பை
நல்லது, கிழங்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு கேள்வி. ஓட்டை விழுந்த கீரை, புழு இருக்கிற கத்தரி என்றால் மருந்து அடிக்காதது என்று பலரும் சொல்கிறார்களே, சரியா? "நாட்டுக்காய்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாமா?

#10 பூச்சிக்கண்
ஓட்டையை வைத்து மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. பூச்சி வந்த பிறகுதான் பெரும்பாலும் மருந்தே அடிக்கிறார்கள். ஓட்டை அடித்ததற்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று இலை சொல்லாது.

கத்தரியில் வேறு ஒரு வேடிக்கை இருக்கிறது. காய்த்துளைப்பான் புழு குட்டியாக இருக்கும்போதே காம்புத் தொப்பிக்குக் கீழே துளைத்து உள்ளே போகிறது. அந்தத் துளை ஊசிமுனை அளவு, கழிவால் அடைபட்டுத் தழும்பாகிவிடும், கண்ணுக்கே தெரியாது. நாம் பார்த்து ஒதுக்குகிறோமே, அந்தப் பெரிய ஓட்டை, அது புழு தின்று முடித்து வெளியே போன வழி. அதனால் ஓட்டையுள்ள காயில் புழு இல்லாமல் இருக்கவும், வழவழவென்ற காயில் புழு இருக்கவும் வாய்ப்பு உண்டு. பார்க்க வேண்டிய இடம் தொப்பியின் ஓரம். தொப்பியை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். அடியில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் ஒதுக்குங்கள். தொப்பி பச்சையாக, முள் விறைப்பாக இருக்க வேண்டும். தோல் மினுமினுப்பு போய் மங்கலாக இருந்தால் விதை முற்றியது.

வேறு சில காய்கள்:

வெண்டை நுனி ஒடிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிலோ வெண்டையையும் ஒடித்துப் போட்டுவிட்டு வருவது விவசாயியின் வயிற்றில் அடிக்கிற வேலை. ஒடித்த இடம் சில மணி நேரத்தில் கறுத்துவிடும், அந்தக் காயை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். மற்றதை நுனியில் விரல் வைத்து வளைத்தாலே பிஞ்சா முற்றலா என்று தெரியும்.

சுரைக்காயில் நகம் பதிக்கிறவர்களுக்கும் அதேதான். காம்பை ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். சுரையின் மேல் மெல்லிய ரோமம் இருந்தால் பிஞ்சு.

முருங்கைக்காயை இரு கையால் முறுக்கினால் சுழல வேண்டும். விறைத்து நின்றால் விதை முற்றி நாராகிவிட்டது.

முள்ளங்கியைச் சுண்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பஞ்சு. அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும்.

தக்காளி: மழைக்குப் பிறகு காம்பைச் சுற்றி வெடிப்பு விழும். ஆறிய வெடிப்பு பரவாயில்லை. வெடிப்புக்குள் கருப்போ ஈரமோ தெரிந்தால் பூஞ்சை, கூடையில் பக்கத்துத் தக்காளியையும் கெடுக்கும். பாதி நன்றாகச் சிவந்ததாகவும் பாதி பச்சை கலந்ததாகவும் எடுங்கள்.

"நாட்டு" என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பது ருசிக்காக இருந்தால் நியாயம். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் சாறும் உண்டு, ரசத்துக்கு அதுதான். நாட்டு ரகத்துக்கும் மருந்து அடிக்கலாம், ஹைப்ரிடையும் அடிக்காமல் வளர்க்கலாம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

#11 அடுப்படி
அப்போ கழுவறதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் தண்ணி, உப்புத் தண்ணியில அரை மணி நேரம்னு வாட்ஸப்ல சுத்தறதை நம்பிக் கீரையை ஊற வைக்காதீங்க. நறுக்கின கீரை ஊறினா வைட்டமின் சி தண்ணியோட போயிரும். நறுக்கறதுக்கு முன்னாடி, அகலப் பாத்திரத்துல மூணு தடவை தண்ணி மாத்தி அலசுங்க. கீரையைத் தூக்கி வேற பாத்திரத்துக்கு மாத்தணும், தண்ணியைச் சாய்க்கக் கூடாது. சாய்ச்சா அடியில தங்கின மணல் மறுபடி இலை மேல ஏறும். மழைக்காலக் கீரையில மண் தெறிச்சிருக்கும், நாலாவது அலசலும் தேவைப்படும்.

கொய்யா, கத்தரி, தக்காளி மாதிரி வழவழப்புத் தோலுக்கு லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்து 12–15 நிமிஷம் வச்சு நல்லா அலசலாம். தோல் மேல இருக்கிற சில மருந்துகள் அதுல போகும். செடிக்குள்ள ஊடுருவுற மருந்துக்கு எந்தக் கழுவலும் உதவாது.

காலிஃபிளவரைப் பூப்பூவாப் பிரிச்சு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில தலைகீழா 10 நிமிஷம் வையுங்க. பிரிக்காம முழுப் பூவா முக்கினா நடுவுல இருக்கிற புழு அப்படியே இருக்கும்.

#12 கீரைக்கட்டு
அடுப்படி அக்கா சொன்னது அத்தனையும் சரி. கழுவிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#13 பத்துமணி
சத்துன்னா பாலக்தானே முதல்ல? அதை ஒருத்தரும் சொல்லலை.

#14 அடுப்படி
பாலக்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு தம்பி, ஆனா ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்பைக் கட்டிப் போட்டுரும், உடம்பில சேர்றது சொற்பம். சுண்ணாம்புக்காக வாங்கினா முருங்கைக்கீரைதான். முளைக்கீரை வகையிலயும் ஆக்சலேட் உண்டு. வேகவச்ச தண்ணியை வடிச்சா கொஞ்சம் குறையும், கூடவே வைட்டமினும் போகும். சிறுநீரகக் கல் வந்தவங்க மருத்துவரைக் கேட்டுக்கிட்டுத்தான் பாலக், பருப்புக்கீரை வாங்கணும்.

கீரையில இருக்கிற இரும்புச் சத்து சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வரணும். அடுப்பை அணைச்ச பிறகு எலுமிச்சை பிழியுங்க, கொதிக்கும்போது பிழிஞ்சா வைட்டமின் சி குறைஞ்சிரும். கீரை சாப்பிட்ட கையோட டீ, காப்பி வேண்டாம். கொய்யாவும் இந்தக் காலத்துப் பழம்தான், ஆரஞ்சைவிட நாலு மடங்கு வைட்டமின் சி. ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் அதைச் சுத்தி மெத்துன்னும் இருந்தா பழ ஈ முட்டை வச்சது, விட்டுருங்க.

#15 பத்துமணி
சரி, முருங்கைக்கே மாறிடறேன். ஆனா உட்கார்ந்திருக்கிறவர் விவசாயியா வியாபாரியான்னு எப்படித் தெரியும்? வெளிமாநில வெங்காயத்தை உழவர் சந்தையில வாங்கறதுக்கு மூலைக்கடையே போதுமே.

#16 பலகைக்காரன்
அடையாள அட்டை இருக்கணுமுங்க. நிலப் பதிவேட்டைப் பார்த்து, என்ன பயிர்னு சரிபார்த்துத்தான் அட்டை தர்றாங்க. அட்டையைக் காட்டுங்கன்னு கேட்டா மூஞ்சி சுளிப்பாங்க, அதுக்கு வேற வழி இருக்கு. ஒரே ஆளு முன்னால கேரட், பீன்ஸ், நேந்திரம், கத்தரி, இஞ்சி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா யோசிங்க. ஒரு தோட்டத்துல அது அத்தனையும் ஒரே நாள்ல வராது. இரண்டு மூணு காய், அதுல ஒண்ணு மட்டும் நிறைய, அளவு பெருசும் சிறுசுமா கலந்து கிடந்தா தோட்டத்துக் கூடை. சல்லடையில சலிச்ச மாதிரி ஒரே அளவா இருந்தா மண்டியில தரம் பிரிச்சது.

ஆனா மலைக்காய் வச்சிருக்கிறவங்க எல்லாரும் வியாபாரின்னு சொல்லிராதீங்க. கோயமுத்தூர்ப் பக்கம் நீலகிரியிலேர்ந்து நேராவே வர்றாங்க. சில சந்தையில மகளிர் குழுக்களுக்கும் கடை உண்டு.

"எப்ப பறிச்சீங்க, அடுத்த பறிப்பு எப்போ?" என்று கேளுங்க. பயிர் வச்சிருக்கிறவர் யோசிக்காமச் சொல்வார். வெண்டைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், கத்தரின்னா நாலஞ்சு நாளுக்கு ஒருக்கா. அந்த நாளை வச்சே நீங்க சந்தைக்குப் போற நாளையும் மாத்திக்கலாமுங்க.

#17 தராசு
வச்சிருக்கிறதுல ஆகிற நட்டத்தையும் எடையில கழிங்க. கீரையை வேரை நறுக்கி, செய்தித்தாள்ல பரப்பி, மின்விசிறியில 20 நிமிஷம் காய வச்சு, மெல்லிய பருத்தித் துணியில சுத்தி ஃபிரிட்ஜ் அடித்தட்டுல வையுங்க. மூணு நாள் தாங்கும். கேரிபேக்கோட வச்சா மறுநாளே கொழகொழ. தக்காளி, வாழைப்பழம் பக்கத்துல கீரையும் வெள்ளரியும் வேண்டாம், பழுக்கிற பழம் விடற வாயுவுல இலை மஞ்சளாகும். தக்காளி பழுக்கிற வரைக்கும் வெளியிலதான் இருக்கணும். சின்ன வெங்காயம் மழைக்காலத்துல கழுத்து ஈரத்தோட வரும். கழுத்து மூடி, சருகு சரசரக்கிறதா அரை கிலோவுக்கு மேல வாங்காதீங்க, மொத்தமா வாங்க மாசி, பங்குனி வரைக்கும் பொறுங்க.

#18 வாரப்பை
இதுவரை வந்ததை வைத்து ஒரு வாரக் கணக்கு போட்டேன். அடைப்புக்குள் கழிவு போன எடை, கிலோவில்.

ஞாயிறு காலை: சிறுகீரையும் முருங்கைக்கீரையும் சேர்த்து ஐந்து கட்டு, 1.5 கிலோ (0.9). பச்சை மொச்சை 2 (0.8). கத்தரி 1 (0.9). சுரை 1.5 (1.3). இலையோடு முள்ளங்கி 1.5 (1.2). தக்காளி முக்கால் கிலோ (0.7).

புதன்: கீரை 1.5 (0.9). அவரை 1 (0.9). மஞ்சள் பூசணி 1.5 (1.2). பீர்க்கு 1 (0.8). காலிஃபிளவர் ஒன்று, 1.2 (0.7). தக்காளி அரை கிலோ (0.5). சின்ன வெங்காயம் அரை கிலோ (0.45).

கூட்டினால் 11.25. பழத்துக்குக் கொய்யா 1.5 கிலோ, பூவன் ஒரு சீப்பு, நெல்லி கால் கிலோ. எங்கே தப்பு?

#19 அடுப்படி
மொச்சையையும் முள்ளங்கியையும் ஒரே நாள்ல வாங்கினா ஞாயித்துக்கிழமை முழுக்க உரிக்கிறதும் ஆயறதும்தான். கீரை அஞ்சு கட்டு வேற. முள்ளங்கியைப் புதனுக்கும் பூசணியை ஞாயித்துக்கும் மாத்துங்க. எடை அதேதான், பூசணி முழுசா இருந்தா வாரக் கணக்குல கெடாது. முள்ளங்கி இலையை மட்டும் வாங்கின அன்னிக்கே சமைச்சிருங்க, ராத்திரிக்குள்ள வதங்கிரும்.

#20 பொருநைக்கரை
பீர்க்கங்காய்த் தோலைக் கழிவுல போட்டிருக்கீரு. துவையலுக்கு எடுத்து வையும், புதன் கணக்குல 100 கிராம் கூடும்.